பூவோடு உழுத காணி

நுவரெலியா
14.10.2024

அன்புள்ள பூரணத்துக்கு,

மச்சாள் எழுதுவது. நானும் மகள் வித்தியாவும் குளிரோடு குளிராகச் சுகமாயிருக்கிறோம். நீரும் உம்முடைய மனுசனாகிய என் தம்பியும் சுகமாயிருக்க வேண்டும் என்று முருகனிடம் கேட்கலாம்தான். ஆனால் அவருடைய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவர் நீர். உம்முடைய குரல்தான் அவருக்கு முதலில் கேட்கும்.

என் காது முழுதாகவே போய்விட்டது. வித்தியா தொலைபேசியைக் கன்னத்தில் வைத்து அழுத்தினாலும் காற்று இரைகிறது போலத்தான் இருக்கிறது. கைபேசியில் எழுத்தைக் குத்திக் குத்தி அனுப்ப எனக்குப் பொறுமை கிடையாது. இனி நம் இருவருக்கும் தபால்காரர்தான்.

ஆமி முகாமை எடுத்துக்கொண்டு எங்கள் காணியை விட்டுவிட்டது என்று கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைவில்லை. எனக்குச் சீதனமாக அப்பா எழுதிய காணி என்றாலும், அதில் பாடுபட்டது தம்பிதான். முப்பது வருடத்துக்கு மேல் கம்பி வேலிக்குள் கிடந்தது. எப்படியிருக்கிறது என்று வித்தியா கேட்டதற்கு, "காணி நல்லாத்தான் இருக்கு, அக்காவை யோசிக்க வேண்டாமெண்டு சொல்லு" என்றானாம். சோமசேகரம் இவ்வளவு சுருக்கமாகக் கதைக்கிறவன் இல்லை. நீர் உள்ளதை எழுதும்.

இதனுடன் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். லூப்பின் விதை. எங்கள் முற்றத்தில் நீலமும் ரோசாவுமாகக் கதிர் கதிராய் நிற்கிற பூ. இங்கே உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் அதை அழகுக்கு மட்டும் வைப்பதில்லை. வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அவை காற்றிலுள்ள சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்குமாம். பூத்ததும் கொத்தித் தாட்டுவிடுவார்கள். நம் காணி ஓரத்திலும் ஒரு பாத்தி போட்டுப் பாரும். முற்றத்துக்கு நிறமும் ஆச்சு, மண்ணுக்குப் பசளையும் ஆச்சு.

பதில் எழுதச் சுணங்க வேண்டாம்.

அன்பு மச்சாள்,
ஞானாம்பிகை


நல்லூர்
02.11.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

கடிதமும் விதையும் கிடைத்தன. நான் சுகம். உங்கள் தம்பியும் சுகம் என்று எழுத வேண்டும். உடம்பு சுகம்தான்.

உள்ளதை எழுதச் சொன்னீர்கள். வீடு நின்ற இடத்தில் அத்திவாரமும் இல்லை. மேல்மண்ணை வழித்து முகாமைச் சுற்றி மண் அணை கட்டியிருந்தார்கள். போகும்போது அதை உடைத்துப் பரவிவிட்டார்கள். மண் திரும்பி வந்தது, ஆனால் கனரக வாகனங்கள் ஓடி ஓடி இறுகிக் கிடக்கிறது. கிணறு மட்டும் தப்பிவிட்டது, இறைத்துத் துப்புரவாக்கினோம், தண்ணீர் பழைய ருசிதான்.

முதல் நாள் உங்கள் தம்பி நடுக்காணியில் நின்று இரும்பு அலவாங்கால் மண்ணைக் குத்தினார். 'டங்' என்று சத்தம். அலவாங்கு துள்ளிப்போய் அந்தப் பக்கம் விழுந்தது. இன்னும் இரண்டு இடத்தில் குத்தினார். அதே சத்தம். பிறகு அலவாங்கை எடுத்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றோடு அந்தப் பக்கம் போகவில்லை. காலையில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறார். என்ன நாடகம் ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. "அக்காவுக்கு எந்த முகத்தோடை உந்தக் காணியைக் காட்டுறது" என்று ஒரு நாள் தன்பாட்டில் சொன்னார். எனக்குக் காணி போனதைவிட மனுசன் போய்விடுவாரோ என்றுதான் பயம்.

உங்கள் விதையைக் காட்டினேன். "உந்தக் கல்லிலை பூக்கண்டோ?" என்றார். "அக்கா அனுப்பின விதை. அக்காடை காணியிலைதான் போடவேணும். நீங்கள் வராட்டி நான் பஸ்ஸிலை போறன்" என்றேன். நான் கோபத்தில் சொன்னேன் என்று நினைத்துவிட்டார். நாளைக்கு உண்மையாகவே போகப்போகிறேன்.

அன்புடன்,
பூரணம்


நுவரெலியா
20.11.2024

அன்புள்ள பூரணத்துக்கு,

எங்களுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை, மழை மட்டும் விடுகிறதில்லை. உங்கள் பக்கமும் அப்படித்தான் என்று வித்தியா செய்தி பார்த்துச் சொன்னாள்.

உமது கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மண்ணுக்காக நான் அழவில்லை. அலவாங்கை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவனை நினைத்துத்தான் அழுதேன். நீர் மறைக்காமல் எழுதியதற்கு உமக்குப் புண்ணியம் கிடைக்கும். என் தம்பியைப் பற்றி என்னிடம் உண்மை சொல்ல உலகத்தில் உம்மைத் தவிர வேறு ஆளில்லை.

விதையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறப்போட்டு, தோல் உப்பின பிறகு ஊன்றும். கிணற்றடி ஓரம் நல்லது. முளைத்தால் எழுதும். முளைக்காவிட்டாலும் எழுதும், நான் கோபிக்க மாட்டேன். கொஞ்சம் கோபிப்பேன்.

மச்சாள்,
ஞானாம்பிகை


நல்லூர்
22.01.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

தைப்பொங்கல் நன்றாக நடந்தது. நீங்களும் வித்தியாவும் பொங்கியிருப்பீர்கள். இவ்வளவு நாள் எழுதாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது, கோபிக்காமல் வாசியுங்கள்.

உங்கள் பூ செத்துப்போய்விட்டது.

முளைத்தது என்னவோ அழகாக முளைத்தது. விரித்த கைவிரல் மாதிரி இலை. மழை பெய்யாத நாளெல்லாம் பஸ்ஸில் போய்த் தண்ணீர் விட்டேன். நான் கிணற்றில் அள்ளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து இரண்டாம் கிழமை உங்கள் தம்பி மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். ஆனால் வாசலிலேயே நின்றார். மூன்றாம் கிழமை வாளியை வாங்கினார். அதற்குள் இலை எல்லாம் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. மழை முற்றாக விட்டு நாலு நாள் வெயில் எறித்ததோடு ஒவ்வொன்றாகச் சரிந்தது. எனக்குப் பெரிய வெட்கமாகப் போய்விட்டது.

அவர் ஒன்றைப் பிடுங்கி வேரைத் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "உது குளிருக்குப் பிறந்தது. எங்கடை சுண்ணாம்புக் கல்லு உதுக்கு ஒத்துவராது. பசுந்தாட் பசளை வேணுமெண்டால் எங்களுக்குச் சணல் இருக்கேக்கை, உதை ஏன் போட்டு வதைக்கிறீர்?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நின்றுவிடுவார் என்று பயம். அவரே தொடர்ந்தார். சணலும் உங்கள் பூவின் சாதிதானாம், அதற்கும் வேரில் முடிச்சு உண்டாம். வெயில் எறித்தாலும் கல்லில் விழுந்தாலும் அது முளைக்குமாம். தோட்டம் களைத்த வருடம் அப்பா அதைத்தான் விதைத்து, பூத்தவுடன் உழுதுவிடுவாராம். சொல்லிக்கொண்டே காணியை ஒரு முறை சுற்றி நடந்தார்.

மச்சாள், அலவாங்கு துள்ளின பிறகு அவர் அந்தக் காணியில் கால் பதித்து நடந்தது அன்றைக்குத்தான். உங்கள் பூ செத்தது எனக்குச் செய்த உதவியை அது உயிரோடு நின்றிருந்தால் செய்திருக்காது. இந்த நன்றியை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் பொங்கல் வரை சுணங்கினேன்.

உழவு மெசின் வைத்திருக்கும் சிமியோன் அண்ணை வந்து மேலாலே கீறிவிட்டுப் போனார். நேற்று முன்தினம் சணல் விதைத்தாயிற்று.

அன்புடன்,
பூரணம்


நுவரெலியா
03.02.2025

அன்புள்ள பூரணத்துக்கு,

நலம். நலமறிய ஆவலைவிடச் சணல் அறிய ஆவல்.

என் பூ செத்ததற்கு நான் கோபிக்கவில்லை. இனி ஆண்டுக்கொரு பொட்டலம் அனுப்புகிறேன், நீரும் முறையாகச் சாகடியும்.

சணல் பூத்துக் கிடந்த காணி எனக்கு நல்ல ஞாபகம். மஞ்சளுக்குள் நான் நின்றால் தலை மட்டும்தான் தெரியும். பூத்ததும் அறிவியும். உடனே வித்தியாவோடு பஸ் ஏறி வருகிறேன். உழுவதற்கு முன்பு ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று தம்பியிடம் சொல்லும். காணியை விட்டு ஓடின பிறகு நான் அந்த மண்ணில் கால் வைக்கவில்லை.

மச்சாள்,
ஞானாம்பிகை


நல்லூர்
14.03.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

எல்லோரும் சுகம். இந்த முறை உங்கள் தம்பியும் சுகம்.

சணல் பூத்துவிட்டது. ஒரு கிழமைக்குள் காணி முழுக்க மஞ்சள். றோட்டால் போகிறவர்கள் நிறுத்திப் பார்க்கிறார்கள். யாரோ படம் பிடித்து முகநூலில் போட்டுவிட்டார்கள், இப்போது கூட்டம் வருகிறது. ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் சைக்கிளைச் சாத்திவிட்டு வருகிறார்கள். நேற்று வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு கலியாணச் சோடி, மாலையும் கூறைச்சேலையுமாக அல்பத்துக்குப் படம் எடுக்க வந்தது. உங்கள் தம்பி அவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் கொடுக்கிறார். வீட்டிலிருந்து கதிரை கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். "இது எங்கடை அக்காடை காணி. மிதிக்காமல் எடுங்கோ" என்று எல்லோருக்கும் சொல்கிறார். காணிக்காரி எப்போது வருகிறா என்று மணப்பெண் கேட்டதற்கு, "இந்தக் கிழமை வந்திடுவா" என்றார்.

வாருங்கள் மச்சாள். சிமியோன் அண்ணை இருபதாம் திகதிக்கு மெசினோடு வரட்டா என்று கேட்டார். பொறுக்கச் சொல்லியிருக்கிறார் உங்கள் தம்பி.

அன்புடன்,
பூரணம்


நுவரெலியா
24.03.2025

அன்புள்ள பூரணத்துக்கு,

கடவுள் கிருபை, சுகம். உமது கடிதம் வாசித்தபோது மஞ்சள் வெளிச்சம் என் அறைக்குள்ளும் வந்தது போல இருந்தது. தம்பி கதிரை போட்டு இருக்கிறான் என்றீர். அது போதும் எனக்கு.

வித்தியா படிப்பிக்கிற பாடசாலையில் சோதனை நேரம். குளிருக்கு மூட்டும் கொஞ்சம் பிடித்திருக்கிறது. வராமல் விடமாட்டேன் என்று தம்பிக்குச் சொல்லும்.

மச்சாள்,
ஞானாம்பிகை


நல்லூர்
01.04.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமோ என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. உங்கள் எழுத்து எப்போதும் அச்சுக் கோத்தது போல இருக்கும். வந்த கடிதத்தில் வரிகள் எல்லாம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கின்றன. படுத்துக்கொண்டு எழுதினீர்களோ? வித்தியாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "அம்மா நல்லா இருக்கிறா மாமி" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிட்டாள்.

இனி எழுதப்போவதை நாலு நாளாக எழுதாமல் வைத்திருந்தேன். காணி உங்களுடையது. அதில் எப்போது உழுவது என்று நான் சொன்னால், தம்பி பெண்சாதிக்கு வாய் நீண்டுவிட்டது என்று ஆகும். ஆனாலும் எழுதுகிறேன்.

சணல் காய்க்கத் தொடங்கிவிட்டது. பூவிலேயே உழ வேண்டும். காய் முற்றினால் தண்டு விறகாகிவிடும், மண்ணில் உக்காது. சத்தெல்லாம் விதைக்குப் போய்விடும், மண்ணுக்கு ஒன்றும் மிஞ்சாது. சித்திரைக்குள் உக்கினால்தான் வைகாசியில் வெங்காயம் நடலாம். சிமியோன் அண்ணை இரண்டு தரம் மெசினோடு வந்து திரும்பிப் போய்விட்டார். "இன்னும் பொறுத்தால் நார் பிளேட்டிலை சுத்தும் தம்பி, பிறகு என்னைக் கூப்பிடாதை" என்று கோபித்துப் போனார். உங்கள் தம்பி அசையவில்லை. "அக்கா ஒருக்காப் பார்த்தாப் பிறகு உழுவம். ஒரு வருசம் போனால் போகட்டும்" என்கிறார்.

ஒரு வருடம் போனால் அவர் தாங்குவாரோ தெரியாது, மச்சாள். விதைத்தது மண்ணில் பிடிக்கவில்லை என்றால் அலவாங்கு இரண்டாம் தரமும் துள்ளி விழும். பிறகு எந்தப் பூவைக் கொண்டுவந்தும் நான் அவரை எழுப்ப முடியாது.

வருவதானால் இந்தக் கிழமையே வாருங்கள். வர முடியாதென்றால் முடியாதென்று எழுதுங்கள். இரண்டில் ஒன்று போதும்.

பிழையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.
பூரணம்


நுவரெலியா
05.04.2025

என் பூரணத்துக்கு,

பிழையாக எழுதியது நான். நீர் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்.

மாசி மாதக் கடைசியில் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கண்டி ஆசுப்பத்திரியில் சத்திரசிகிச்சை. தகடு வைத்திருக்கிறார்கள். படுத்துக்கொண்டுதான் எழுதினேன், நீர் சரியாகப் பிடித்துவிட்டீர். வித்தியாவைத் திட்டாதேயும். சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

ஏன் மறைத்தேன் தெரியுமா? தம்பி நடக்கத் தொடங்கியிருந்தான். நான் விழுந்தேன் என்று கேட்டால் காணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இங்கே வந்து என் கட்டில் காலடியில் இருந்துவிடுவான். இனி அவன் சும்மா குந்தியிருக்கக்கூடாது என்று நினைத்தேன். வருகிறேன் வருகிறேன் என்று எழுதினால் அவன் காணியில் நிற்பான் என்பதுவரைதான் என் மூளை போனது. அதனாலேயே அவன் உழாமல் நிற்பான் என்பதுவரை போகவில்லை. கமக்காரன் மகளாய்ப் பிறந்தும் பூ எதற்கு என்பதை மறந்துவிட்டேனே.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே சிமியோனைக் கூப்பிடும். கோபமாய் இருந்தால் ஞானாம்பிகை கெஞ்சிக் கேட்டதாகச் சொல்லும். தம்பிக்கு நான் சொன்னதாக இப்படியே வாசித்துக் காட்டும்:

"சோமு, நீ எனக்குக் காட்ட நினைச்சதை நான் பார்த்திட்டன். பூரணம் எழுதி எழுதிக் காட்டிப்போட்டாள். அக்கா பூப் பார்க்க வரேல்லை. வெங்காயம் விளைஞ்ச காணி பார்க்க வாறன். அதுக்கு நான் நடக்கப் பழகவேணும், நீ உழவேணும். ஆர் முந்துறது எண்டு பாப்பம்."

என் இடுப்பைப் பற்றி அவன் அழுதால் அழட்டும். உழுத பிறகு அழச் சொல்லும்.

உமக்கு எப்படி நன்றி சொல்வேன் பூரணம். நம் வீடுகளில் மச்சாளுக்கு நன்றி சொல்கிற வழக்கம் இல்லை. நான் சொல்கிறேன்.

ஞானாம்பிகை


நல்லூர்
16.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சோமு எழுதுவது. எனக்குக் கடிதம் எழுத வராது, பிழை இருந்தால் பொறுக்கவும்.

பூரணம் வாசித்துக் காட்டினா. அழுதேன். நீங்கள் சொன்னபடி உழுத பிறகுதான் அழுதேன், ஆனால் பாதி உழும்போதே கொஞ்சம் வந்துவிட்டது.

வருடப்பிறப்புக்கு முன்பே முடித்தாயிற்று. சிமியோன் அண்ணைக்குப் பூரணம் உங்கள் கதையைச் சொன்னதும் அவர் மெசினை எடுத்தார். நார் சுற்றத்தான் செய்தது. நிறுத்தி நிறுத்தி நான் கத்தியால் அறுத்து எடுத்தேன். மஞ்சள் எல்லாம் மண்ணுக்குள் போகும்போது படம் எடுக்க வந்த ஒரு பிள்ளை, "ஐயோ ஐயா, ஏன் அழிக்கிறியள்?" என்று கேட்டது. "அழிக்கேல்லைப் பிள்ளை, சாப்பாடு குடுக்கிறன்" என்றேன். கிணற்றடிப் பக்கம் ஒரு துண்டை விதைக்கு விட்டிருக்கிறேன்.

காணி நல்லாயிருக்கு என்று வித்தியாவிடம் சொன்னது பொய். இனி உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம்.

மெதுவாக நடந்து பழகுங்கள்.

தம்பி,
சோமசேகரம்


நுவரெலியா
27.08.2025

அன்புள்ள பூரணத்துக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் கால் வீங்கினது இப்போது வற்றிவிட்டது. நீங்கள் தந்துவிட்ட வெங்காயப் பிடியை வித்தியா குசினிக் கூரையில் கட்டியிருக்கிறாள். வீடு முழுக்க எங்கள் ஊர் மணம். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வித்தியா நாலு உருவினாள், எனக்கு மனம் வரவில்லை என்றாலும் பேசாமல் இருந்துவிட்டேன்.

நல்லூர்த் தேரன்று சனத்துக்குள் என்னைக் கையைப் பிடித்துக் கொண்டுபோனீரே, அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் எழுதவேண்டும். அங்கே நின்றபோது என்னால் சொல்ல முடியவில்லை.

காணிக்குள் வந்த அன்று பார்க்க அங்கே ஒரு பூவும் இருக்கவில்லை. வெங்காயம் கிளறி எடுத்து வெறும் செம்மண். தம்பி எனக்கு முன்னால் நடந்து, இந்த மூலை இன்னும் இறுக்கம், அந்தப் பக்கம் அடுத்த தையிலும் சணல் போடவேண்டும், மூன்று நாலு வருடம் எடுக்கும் என்று விடாமல் கதைத்தான். எனக்குக் கேட்காது என்பதையே மறந்துவிட்டான். வாயசைவைப் பார்த்து நான் தலையாட்டினேன். என் தம்பி பழையபடி நீட்டி முழக்கிக் கதைப்பதைப் பார்த்துக்கொண்டே நடுக்காணிக்கு வந்துவிட்டேன். அலவாங்கு துள்ளி விழுந்த இடம் அதுதான் என்று நீர் பின்னாலிருந்து என் தோளைத் தட்டிக் காட்டினீர்.

ஊன்றி நடக்கிற இந்தப் பொல்லை எனக்குப் பிடிக்காது. உமக்குத் தெரியும். களைத்துப்போய் அதில் பாரத்தைப் போட்டு நின்றேன். பொல்லு சத்தம் போடாமல் இறங்கியது. ஒரு சாண் போய்விட்டது. நான் விழப்போகிறேன் என்று தம்பி ஓடிவந்து என்னைப் பிடித்தான். பிடித்தவன் கீழே பார்த்தான். பிறகு என்னை உம்மிடம் விட்டுவிட்டு, குந்தியிருந்து பொல்லைச் சுற்றி மண்ணைத் தடவிக்கொண்டிருந்தான். நீர் என்னைத் தாங்கிக்கொண்டு நின்றீர்.

அந்த ஒரு சாண் மண் நீர் தந்தது. பஸ்ஸில் போய், சாகப்போகிற பூவுக்குத் தண்ணீர் விட்டுத் தந்தது. இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எழுத்துத்தான் வந்தது.

முற்றத்தில் லூப்பின் காய் முற்றிவிட்டது. இதனுடன் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். சொன்ன சொல் தவறமாட்டேன். கிணற்றடியில் போடும். செத்தாலும் பரவாயில்லை.

உமது மச்சாள்,
ஞானாம்பிகை